எண்ணெய் குடித்த கல்

"எதுல ரொம்பக் கூரு வராதோ, அந்தக் கல்லக் குடுங்க" என்று கேட்டேன்.

எங்கள் மலையூரின் மூஞ்சிக்கல் கடைவீதியில் இரும்புச் சாமான் கடைக்காரர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் யாராவது நின்று சிரிக்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. ஜனவரி மாதத்துக் காலை. கடைவீதியில் இருந்த நாலு பேரும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு டீக்கடைப் பக்கம் ஒதுங்கியிருந்தார்கள்.

"அக்கா, கத்தி தீட்டத்தான கேக்குறீங்க?"

"ஆமா."

"கூரு வேணாம்னா எதுக்குக்கா கல்லு? கத்திய அப்படியே வச்சிர வேண்டியதுதான?"

நியாயமான கேள்விதான். நான் மேசையைப் பார்த்தேன். அதில் மூன்று கற்கள் கிடந்தன. ஒன்று அரிவாள் தீட்டுகிற சாம்பல் நிறக் கல், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டு போவது. இன்னொன்று செவ்வகமானது, ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. மூன்றாவது அட்டைப் பெட்டிக்குள் படுத்திருந்த வெள்ளைக் கல். அது ஜப்பானிலிருந்து வருவதாம், ரிசார்ட் சமையல்காரர்கள் வாங்குவதாம். அதன் விலையைக் கேட்டதும் தொடாமல் கையை இழுத்துக்கொண்டேன்.

என் கணவர் கேட்டனுப்பியது இரண்டாவது கல்லை. "ஒரு பக்கம் சொரசொரன்னும் இன்னொரு பக்கம் வழவழன்னும் இருக்கும். அதப் பாத்து வாங்கிட்டு வா" என்று கையால் அளவு காட்டி அனுப்பியிருந்தார். நான் அரிவாள் கல்லை எடுத்தேன். எல்லாவற்றிலும் விலை குறைந்தது அதுதான், அவரிடம் சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. கடைக்காரர் அதைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே, "இது காய்கறிக் கத்திக்குச் சரிப்படாதுக்கா" என்றார். சரிப்படாது என்று அவர் சொன்னதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை அவரிடம் எப்படிச் சொல்ல முடியும்?

எனக்குக் கத்தி என்றால் பயம். பிறந்ததிலிருந்து வந்த பயம் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மதுரையில் என் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு ஒன்றை வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருக்க ஆயுசுக்கும் தினம் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை ரத்தத்தைச் சீக்கிரம் உறையவிடாது. மாதம் ஒரு முறை பழனிக்கு இறங்கிப்போய் ரத்தம் கொடுத்து, எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்த்துக்கொண்டு திரும்ப மலையேற வேண்டும். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். பிளேடு வேண்டாம், ஷேவிங் மிஷினில்தான் பண்ண வேண்டும். பல் துலக்க மென்மையான பிரஷ். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கீரையை இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கக் கூடாது. "காய் வெட்டலாமா சார்?" என்று கேட்டது நான்தான். அவர் சிரித்து, "தாராளமா. பாத்து வெட்டணும்" என்றார். அவர் சொன்னதில் 'தாராளமா' மருத்துவமனையிலேயே விழுந்துவிட்டது. 'பாத்து' மட்டும்தான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்த வால்வு சத்தம் போடும். சுற்றிலும் அமைதியாக இருந்தால் எனக்குக் கேட்கும். டிக், டிக் என்று, தலையணைக்கு அடியில் கைக்கடிகாரத்தை மறந்து வைத்த மாதிரி. அவர் வாயைத் திறந்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். முதல் மாதம் முழுக்க அதை எண்ணிக்கொண்டே இருந்தேன். எண்ணிக்கை விட்டுப்போனால் பதறி அவர் பக்கத்தில் போய் நிற்பேன். "என்ன, ஓடுதா?" என்று கேட்பார் அவர்.

முப்பது வருடம் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில் இருந்த மனிதர். அண்டாவைத் தூக்கக் கூடாது என்று ஆனதும் அந்த வேலை போயிற்று. ஆறு மாதம் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எதிர் மேட்டில் மூடுபனி ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குறைந்தது, சாப்பாடு குறைந்தது. அதற்கும் பயந்தேன். பிறகு நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டைச் சுற்றி இருக்கிற மூன்று ஹோம்ஸ்டேக்களுக்கு மத்தியானச் சாப்பாடு செய்து கேரியரில் அனுப்ப ஆரம்பித்தோம். நான் அடுப்பு, அவர் கத்தி. பள்ளிக்கூடத்திலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தக் கத்தி ஒன்றைத்தான். அகலமான தகடு, மரப்பிடி, பிடி கழன்றுவிடாமல் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அதை மறுபடி கையில் எடுத்த அன்று ஜன்னல் ஓர நாற்காலி காலியாயிற்று. பீன்ஸை அவர் அரிந்தால் ஒவ்வொன்றும் ஒரே அளவு. "பொரியல் வேகுறது அடுப்புல இல்ல, இங்க" என்று பலகையைத் தட்டிக் காட்டுவார். எனக்கு அவர் பெருமை பிடிக்கும். ஆனால் அவர் பெருமையோடு அரிகிற ஒவ்வொரு காலையும் நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டே அவர் இடது கை விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கத்தி கொஞ்சம் மழுங்கியதும் அவர் கல் கேட்டார். கடையில் நடந்ததுதான் உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் புதுக் கல் எதுவானாலும் பழக்கித்தான் வேலைக்கு விடுவோம். ஆட்டுக்கல் என்றால் தவிட்டைப் போட்டு ஆட்டி எடுப்போம். தோசைக்கல் என்றால் நல்லெண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேய்த்து, காயவைத்து, மறுபடி தடவுவோம். இதுவும் கல்தானே என்று, நல்லெண்ணெயை ஊற்றித் தேய்த்துக் கிணற்றடி வெயிலில் மூன்று நாள் வைத்தேன். கல் மடமடவென்று எண்ணெய் குடித்தது. குடிக்கக் குடிக்க ஊற்றினேன். இதை நான் வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக. வேண்டுமென்று செய்தது அதற்குப் பிறகு.

நான்காம் நாள் அவர் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் தேய்த்தார். கத்தியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

"என்ன கல்லு இது, சவுக்காரம் மாதிரி வழுக்கிட்டுப் போகுது?"

"வெல கம்மியா இருந்துச்சு. அதான் வாங்குனேன்."

"கம்மியா இருந்தா இப்படித்தான் கெடக்கும்" என்றார். திட்டவில்லை. வருமானம் எப்படி என்று அவருக்கும் தெரியும். "தேய்க்கத் தேய்க்க சரியாயிரும்."

சரியாகவில்லை. எண்ணெய் காய்ந்து கல்லின் கண்ணையெல்லாம் அடைத்துவிட்டது என்பது எனக்கு ஒரு வாரத்தில் புரிந்தது. தோசைக்கல்லில் நாம் வேண்டுவது அதைத்தானே, மாவு ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். இங்கே கத்தி ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு போனது. வெந்நீரில் சோடா மாவு போட்டு ஊறவைத்துத் தேய்த்திருந்தால் ஒருவேளை கல் பிழைத்திருக்கும். நான் தேய்க்கவில்லை. மாறாக, அவர் மாத்திரை போட்டுவிட்டு மத்தியானம் கண்ணயர்கிற நேரம் பார்த்து, வாரத்துக்கு ஒரு தடவை அந்தக் கல்லுக்கு ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றினேன். எண்ணெய் உள்ளே இறங்குவதைப் பார்க்கப் பார்க்க, இன்னும் ஒரு வாரம் அவர் விரலுக்கு ஆபத்து இல்லை என்று மனசு சமாதானமாகும். நல்லெண்ணெய் என்ன சும்மாவா வருகிறது? ஆனால் அதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

நான்கு மாதம். ஒவ்வொரு நாளும் வெள்ளனே எழுந்து, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு அவர் அந்தக் கல்லைத் தேய்ப்பார். பிறகு தக்காளியை அரிவார். தோல் வெட்டுப்படாமல் நசுங்கும், சாறு பலகையில் ஓடும். அவர் அதைச் சட்டிக்குள் வழித்துப் போடுவார். நாளாக ஆக, கத்தியின் முதுகில் இடது உள்ளங்கையையும் வைத்து அழுத்தி வெட்டப் பழகினார். தோளிலிருந்து பலம் கொடுத்தார். எனக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை. மழுங்கிய கத்தி என்ன செய்துவிடும் என்ற தைரியத்தில் முதல் முறையாக அவர் விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுப்பைப் பார்த்துச் சமைத்தேன்.

மே மாதம், சீசன், சனிக்கிழமை. மூன்று வீட்டிலும் ஆள் நிறைந்திருந்தது. மேரக்காய்க் கூட்டு என்று சொல்லியிருந்தார்கள். கீழே சௌசௌ என்பார்களே, அதுதான். தோல் சீவினால் கையெல்லாம் பசையாக வழுக்கும். அவர் அதைப் பாதியாகப் பிளக்க அழுத்தியிருக்கிறார். கத்தி இறங்காமல் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. எனக்குக் கேட்டது "ச்சு" என்ற ஒரு சத்தம் மட்டும்தான். திரும்பினேன். இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார். வெள்ளையாக இருந்த மேரக்காயெல்லாம் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு எல்லாம் ஒரேயடியாக ஓடின. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து அள்ளி காயத்தில் அப்பினேன். வெட்டுக்காயத்துக்குக் காப்பித்தூள் என்பது கையில் ஊறிப்போன பழக்கம். தூள் கரைந்து கறுப்பாக வழிந்தது. இன்னும் அப்பினேன், அதுவும் வழிந்தது. துண்டைச் சுற்றினேன். துண்டு நனைந்தது. "நின்னுரும், பதறாத" என்றார். வாயைத் திறந்து சொன்னாரா, அந்த டிக் டிக் கேட்டது. வேகமாகக் கேட்டது. ஒவ்வொரு டிக்குக்கும் கொஞ்சம் வெளியே வருகிறது என்று எனக்குத் தோன்றியது. அந்தச் சத்தத்தை நிறுத்தவும் முடியாது, நின்றுவிடக்கூடாது என்றும் வேண்டிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் பட்டதில்லை.

கீழ்வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். அவர் எங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மற்ற நாளாக இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷம். அன்று முக்கு திரும்பியதுமே வண்டிகள் நின்றன. முன்னாலும் பின்னாலும் கார்கள். ஜன்னல்களில் குழந்தைகள் சோளம் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தன. ஜீப்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார், எல்லோரும்தான் அழுத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது துண்டும் நனைந்ததும், "எறங்கி நடந்துருங்க, அதுதான் வெரசா போகும்" என்றார் அவர்.

நடந்தோம். ஏற்றம். என் கணவரால் வேகமாக ஏற முடியாது, மூச்சு வாங்கும். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் ரத்தம் குறையும் என்று எப்போதோ கேட்டது ஞாபகம் வந்து, அவர் கையைத் தூக்கி என் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடியே நடந்தேன். அவர் வழி காட்டுகிறார் என்று நினைத்து ஒரு கார்க்காரர் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினார். வேறு நாளாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம். பாதி வழியில் அவர் ஒரு கட்டைச் சுவரில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது. "கொஞ்சம் இரு" என்றார். இருக்க எங்கே நேரம்? கட்டைச் சுவரில் அவர் பக்கத்தில் நின்று, சாமி, இவரை எடுத்துக்கொள்ளாதே, இனிமேல் எண்ணெய் ஊற்ற மாட்டேன் என்று வாய்க்குள் சொன்னேன். அதைச் சொன்ன பிறகுதான், எதற்காக அதைச் சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா துண்டை அவிழ்த்துப் பார்த்ததும் முதலில் காப்பித்தூளுக்காக என்னைத் திட்டினார். கழுவித் துடைத்து வெகுநேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டே காயத்தைக் குனிந்து பார்த்தார்.

"எதுல வெட்டுனீங்க? ரம்பமா?"

"காய்கறிக் கத்திதான் சிஸ்டர்" என்றார் என் கணவர்.

"நல்ல கத்தி பட்டா நேரா வெட்டியிருக்கும், தையலுக்கு ஈஸியா இருக்கும். இது நசுங்கிப் பிஞ்சுபோயிருக்கு. மொட்டக் கத்திய வச்சுப் பலமா அழுத்துனா நழுவத்தான் செய்யும். நீங்க சாப்பிடுற மாத்திரைக்கு இதெல்லாம் வெளையாட்டில்ல. வீட்ல கத்தி தீட்டவே மாட்டீங்களா?"

"தீட்டுறேன் சிஸ்டர். தெனமும் தீட்டுறேன். கல்லு சரியில்ல."

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார். நான் வெளியே போய் வராந்தாவில் என் கையைக் கழுவினேன். ரத்தம் போயிற்று, காப்பி வாசனை போகவில்லை. அழுதேன்.

ரத்தம் நின்றது, தையல் போட்டார்கள், மறுநாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த வாரமே பழனிக்குப் போய் ரத்தம் கொடுத்தோம். மாத்திரையின் அளவை மாற்றினார்கள். காயம் ஆற நாளாயிற்று, ஆனால் ஆறியது. விரல் மடங்கியது, நீண்டது. எல்லாம் சரி என்றார்கள்.

அவர் கத்தியைத் தொடவில்லை.

முதலில் காயத்துக்காக என்று நினைத்தேன். காயம் ஆறி மூன்று வாரமான பிறகும், நான் பலகையை எடுத்து வைத்தால் அவர் இரண்டு கையையும் ஸ்வெட்டர் பைக்குள் விட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். ஜன்னல் ஓர நாற்காலிக்குப் போய்விட்டார். மறுபடி மூடுபனியைப் பார்க்க ஆரம்பித்தார். நான் அரிந்த பீன்ஸ் ஒன்று முழ நீளம், ஒன்று மிளகு அளவு. ஒரு ஹோம்ஸ்டேயில், "என்னக்கா, கை மாறிப்போச்சா?" என்று கேட்டுவிட்டார்கள். அதை அவரிடம் சொன்னேன், ரோஷம் வரட்டும் என்று. வரவில்லை. "நீ வெட்டுறதே போதும்" என்றார். இரண்டு தோசை சாப்பிடுகிறவர் ஒன்றோடு எழுந்தார். அவருக்குப் பயம் வந்துவிட்டது. என் பயத்தோடு எனக்கு இரண்டு வருடப் பழக்கம் உண்டு. அவருடைய பயத்தைப் பார்க்கத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஆளை உயிரோடு வைத்திருக்க வேண்டும் என்றுதானே அத்தனையும் செய்தேன், இப்படி நாற்காலியோடு நாற்காலியாக அவர் கரைந்துபோவதற்கா?

ஆகஸ்ட்டில் ஒரு மழைக் காலை மறுபடி மூஞ்சிக்கல்லுக்குப் போனேன்.

"வாங்கக்கா" என்றார் கடைக்காரர். மறக்கவில்லை. "கூரு வராத கல்லு ஸ்டாக் தீந்துபோச்சே."

"கேலி பண்ணாதீங்க தம்பி. நல்லாக் கூரு வர்ற கல்லு வேணும். ஆனா வெல எங்களுக்குக் கட்டுபடியாகணும்."

என் முகத்தைப் பார்த்து அவர் கேலியை நிறுத்தினார். நான் அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்ப்பதைக் கண்டு, "அது வேணாம்" என்றார். "நீங்க வெட்டுறது காய்கறி. அந்த வெலைக்கு அவசியமே இல்ல." கத்தியை ஒரு பள்ளத்தில் விட்டு இழுக்கிற பிளாஸ்டிக் சாதனம் ஒன்று தொங்கியது. அது சுலபமோ என்று கேட்டேன். "சுலபந்தான். ஆனா இரும்பச் செதுக்கித் தள்ளிரும், கத்தி வெரசாத் தேஞ்சுபோகும்." கடைசியில் அவர் எடுத்து வைத்தது என் கணவர் ஏழு மாதத்துக்கு முன்னால் கேட்ட அதே இரட்டைப் பக்கக் கல்.

அதிலேயே நான்கைந்து இருந்தன. "எல்லாம் ஒண்ணு மாதிரிதான தம்பி?" என்றேன். இல்லை என்றார். ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் கவிழ்த்து வைத்து, குனிந்து பார்க்கச் சொன்னார். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தால் கல் வளைவு, வேண்டாம். நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னார். மண் உதிர்ந்தால் வேண்டாம். ஓரத்தில் சில்லு போயிருந்தால் அந்த இடத்தில் கத்தி தட்டும். மூன்றாவது கல் மூன்றிலும் தேறியது. அரிவாள் கல்லைப் போல மூன்று மடங்கு விலை. ஆனாலும் எங்களால் முடிகிற விலைதான். முதல் நாளே முடிந்திருக்கும்.

"இதுக்கு எண்ணெய் போடணுமா?" என்று கேட்டேன். குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"தண்ணி போதும்கா. கொமிழி வர்றது நிக்கிற வரைக்கும் ஊறப்போடுங்க. சமையல் எண்ணெய மட்டும் ஊத்திராதீங்க. பிசினா அடைச்சுக்கும். அப்புறம் எவ்வளவு தேச்சாலும் கூரு வராது, அழுத்தி வெட்டிக் கைய அறுத்துக்குவீங்க."

"சரி தம்பி" என்றேன்.

என் கணவர் தூங்குகிற மத்தியானங்களில் நானே தீட்டிப் பழகினேன். கல்லுக்கு அடியில் ஈரத்துணி போட்டு, கத்தியின் முதுகை ஒரு சுண்டுவிரல் கனத்துக்குத் தூக்கி, சொரசொரப்பில் முதலில், வழவழப்பில் பிறகு. கை நடுங்கியது. நடுங்கினால் கோணம் மாறும், கோணம் மாறினால் கூர் வராது. அதனால் நடுங்காமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சாம்பல் நிறத்தில் சேறு மாதிரி வந்தது. அதைக் கழுவாமல் அதன் மேலேயே தேய்க்க வேண்டும் என்று அவர் பள்ளிக்கூடத்துக் கதைகளில் எப்போதோ சொன்னது நினைவு வந்தது. பத்து நாள் ஆயிற்று. பத்தாவது நாள் காலண்டரில் கிழித்த தாளைத் தொங்கவிட்டு, கத்தியை வைத்தேன். அழுத்தவே இல்லை. தாள் சத்தமில்லாமல் இரண்டாகி, ஒரு பாதி என் காலடியில் விழுந்தது. நான் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனேன்.

மறுநாள் காலையில் பலகையில் பீன்ஸைக் குவித்தேன். பக்கத்தில் கத்தியை வைத்தேன். எங்கள் வீட்டில் கத்தியைக் கையோடு கை கொடுக்க மாட்டோம், சண்டை வரும். ஒருவர் கீழே வைக்க வேண்டும், மற்றவர் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். அவரைக் கூப்பிட்டேன். வந்தார், கத்தியைப் பார்த்தார், கைகள் பைக்குள் போயின.

"தீட்டியிருக்கேன்" என்றேன்.

"யாருட்டக் குடுத்து?"

"நாந்தான்."

நம்பவில்லை. நான் புதுக் கல்லைக் கொண்டுவந்து வைத்தேன். பிறகு பழைய கல்லையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அது எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்திருந்தது.

"இதுல எண்ணெய் ஊத்துனது நாந்தாங்க" என்றேன். "மொத தடவ தெரியாம ஊத்துனேன், தோசக்கல்லு மாதிரின்னு நெனச்சு. அப்புறம் தெரிஞ்சே ஊத்துனேன். வாராவாரம். கூரு வந்துறக் கூடாதுன்னு."

வெளியே மழை விட்டிருந்ததால் வீடு அமைதியாக இருந்தது. டிக் டிக் எனக்குத் தெளிவாகக் கேட்டது, வேகமாக. என்னால்தான் இப்படி ஓடுகிறது, நின்றுவிடப் போகிறது என்று பயந்தேன். அவர் ஒரு கையைப் பையிலிருந்து எடுத்தார். பழைய கல்லைத் தூக்கி மூக்கருகில் வைத்தார்.

"நல்லெண்ணெய்" என்றார். "அப்பவே மோந்து பாத்தேன். கடைக்காரன் துரு பிடிக்காம இருக்கத் தடவியிருப்பான்னு நெனச்சேன்."

கல்லுக்கு ஏது துரு? அவ்வளவு சமையல் தெரிந்த மனிதர், என்மேல் சந்தேகம் வராமல் இருக்க இப்படி ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதைவிட நான் திட்டு வாங்கியிருக்கலாம்.

"எத்தன மாசம்?"

"நாலு."

கல்லைக் கீழே வைத்தார். ஆனால் அந்தக் கை பைக்குள் திரும்பிப் போகவில்லை. என் பக்கம் நீட்டினார்.

"கத்தியக் குடு."

"வச்சிருக்கேன்ல, எடுத்துக்கங்க."

"கையில குடு."

"கையில குடுத்தா சண்ட வரும்ங்க."

"வரட்டும். அந்த நாலு மாசத்துலயே வந்திருக்க வேண்டிய சண்டதான."

பிடி அவர் பக்கம் இருக்க வேண்டும் என்பதால், நான் தகட்டைப் பிடித்து எடுத்தேன். என் நான்கு விரலும் கூருக்கு அடியில் இருந்தன, நான் தீட்டிய கூர். நீட்டினேன். அவர் செம்புக் கம்பி சுற்றிய பிடியைப் பற்றினார். இழுக்கவில்லை. இழுத்திருந்தால் என் விரல்கள் போயிருக்கும். அப்படியே அசையாமல் பிடித்துக்கொண்டு என் கையையே பார்த்தார். இத்தனை நாள் நான் அவர் கையைப் பார்த்த மாதிரி.

"மொதல்ல நீ கைய எடு" என்றார். "கூரா இருக்கு."

எடுத்தேன். அவர் பீன்ஸை அரிய ஆரம்பித்தார், மெதுவாக, ஒவ்வொன்றாக. நான் சுத்தமான துணி ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.